இரண்டு மணி ஐந்து நிமிஷம்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
3 செப்டம்பர் 1979

புஷ்பத்துக்கு,

எனக்கும் மறதி தொடங்கிவிட்டது என்று மாம்பலத்தில் நம் உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. என் நினைவில் குறை எதுவும் இல்லை. குறை, நீ எனக்குச் சொன்ன ஒரு நேரத்தில் இருக்கிறது.

உன் பெரியப்பாவின் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு இப்போது வருந்துகிறேன் என்றும் ஒரு பேச்சு. அதுவும் தப்பு. கொடுத்தது நான்தான். ஏழு வருஷம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற நோய் என்னவென்று யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று, என் கையால் சம்மதக் கடிதம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை உன்னிடம் கொடுத்தேன். இன்னொன்று என் பீரோவில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. உனக்கு நினைவூட்ட அப்படியே எழுதுகிறேன்: "என் கணவரின் மூச்சு நின்றதும் எனக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அரை மணி நேரம் நான் அவருடன் தனியாக இருப்பேன். அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்." நீ அதைப் படித்துவிட்டு, "இதுகூடச் செய்ய மாட்டேனா, பெரியம்மா?" என்றாய்.

1977 நவம்பர் 17, வியாழக்கிழமை. புயல் மழை விட்டுவிட்டுப் பெய்த வாரம். ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இரண்டு நாளாக இருந்தேன். பகல் இரண்டரை மணி வாக்கில் நீ வந்து, "பெரியப்பா நல்லா தூங்குறாங்க. நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க" என்றாய். போனேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது அவர் தலையில் கட்டு. "மூணு நாப்பதுக்கு உயிர் போயிடுச்சு. உங்களுக்குச் சொல்லியனுப்ப ஆள் இல்ல, நேரமும் இல்ல. நாலரைக்கெல்லாம் நல்லபடியா உறைய வெச்சாச்சு" என்றாய். விதி என்று எடுத்துக்கொண்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. வழக்கம் போல எல்லா நேரத்தையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

போன மாதம் உன் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினாய். மேலே "பெரியப்பாவுக்கு நன்றியுடன்" என்று உன் கையெழுத்து. பெருமையாகத்தான் உட்கார்ந்து படித்தேன். நான்காம் பக்கத்தில் ஓர் அட்டவணை. ஏழு பேர். பெயர் இல்லை, எண்கள்தான். நான்காவது: ஆண், வயது அறுபத்தெட்டு. "இறப்புக்கும் உறைய வைத்ததற்கும் இடைப்பட்ட நேரம்" என்ற கட்டத்தில் இரண்டு மணி ஐந்து நிமிஷம். மற்றவர்களுக்கெல்லாம் ஏழு மணி, பதினொரு மணி. இந்த ஒன்றுதான் மிகக் குறைவு, ஆகவே மிக நம்பகமானது என்று கீழே நீயே எழுதியிருக்கிறாய்.

நாலரையிலிருந்து இரண்டு மணி ஐந்து நிமிஷத்தைக் கழித்தால் இரண்டு இருபத்தைந்து. நான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியது இரண்டு நாற்பதுக்கு.

சென்ற வாரம் உன் வீட்டுக்கு வந்து இதைத்தான் கேட்டேன். நீ எழுந்து காப்பி கலக்கப் போனாய். மறுநாளே எனக்கு மறதி என்ற பேச்சு தொடங்கியது. உன் அம்மாவைக் கேட்டேன். "நான் எங்க சொன்னேன், அக்கா? பெரியம்மா மணியைக் குழப்பிக்கிறாங்கன்னு புஷ்பம்தான் சொல்லுச்சு. அது அந்தப் படிப்புதானே படிச்சிருக்கு, அதுக்குத் தெரியாதா?" என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கில் சப்தமி முடிந்து அஷ்டமி தொடங்கியது. நீ சொன்ன மூன்று நாற்பதை நம்பி, முதல் வருஷத் திதியை அஷ்டமியில் கொடுத்தேன். இரண்டு இருபத்தைந்து என்றால் சப்தமி. அவருடைய நாள் வந்து போயிருக்கிறது, நான் மறுநாள் போய்க் குளக்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டிருக்கிறேன்.

இரண்டு நேரங்களில் எது சரி? அதை மட்டும் எழுது.

முத்துலட்சுமி வெள்ளைத்துரை

*

காந்தி நகர், அடையாறு
9 செப்டம்பர் 1979

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மனம் கஷ்டமாகிவிட்டது. அம்மா ஒன்றைப் பத்தாக்கிப் பேசுவது உங்களுக்குத் தெரியாததா? நான் சொன்னது, நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், தூக்கம் இல்லை, யாராவது கூட இருந்தால் நல்லது என்பதுதான்.

அட்டவணையில் உள்ள நேரங்கள் எல்லாம் சுமாரானவை. ஆஸ்பத்திரிச் சீட்டு, வார்டு நோட்டு, எங்கள் நோட்டு என்று மூன்று இடங்களில் மூன்று விதமாக இருக்கும். எதையாவது ஒன்றை எடுத்துப் போடுவோம். அச்சகத்திலும் பிழை வருவதுண்டு. அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

கட்டுரையில் முக்கியமானது நேரம் அல்ல, பெரியம்மா. மூளைச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். அதைத் தயாரித்துக் கொடுக்க ஓர் என்ஸைம் இருக்கிறது. வாயில் எச்சில் சோற்றை இனிப்பாக்குகிறதே, அதுவும் ஓர் என்ஸைமின் வேலைதான். அப்படி இதற்கு இது. அல்சைமர் நோயில் இறந்தவர்களின் மூளையில் அந்த என்ஸைம் வெகுவாகக் குறைந்திருப்பதாக மூன்று வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் கண்டார்கள். நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பெரியப்பாவிடம் இருக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. அதனால்தான் தம் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டே யாருக்கு என்று மறந்து நின்றார். அது அவர் குற்றமும் அல்ல, நீங்கள் பார்த்துக்கொண்டதில் உள்ள குறையும் அல்ல. இதை நிரூபிக்க அவரே உதவினார். அப்படி நினைத்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரை அனுப்புகிறேன். தப்பாக நினைக்காதீர்கள். சும்மா பேசிவிட்டுப் போவார்.

உங்கள்
புஷ்பம்

*

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
1 அக்டோபர் 1979

புஷ்பத்துக்கு,

உன் டாக்டர் வந்தார். உன் அம்மாவும், கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் தனபாலனும் துணைக்கு வந்து, ஏதோ பெண் பார்க்க வந்தவர்கள் போல வரிசையாக உட்கார்ந்தார்கள். இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இரண்டு வரை கழித்தேன். மேலே போக வேண்டுமா என்று கேட்டேன். மணி என்ன இருக்கும் என்றார். என் சுவர்க் கடிகாரத்தையும் ரேடியோவையும் சொல்லி, அவர் கைக்கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது என்றும் சொன்னேன். தனபாலன், "அத்தைக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், நமக்குத்தான் ஏதாச்சும் இருக்கும்" என்றான். முதல் தடவையாக அவன் பேசியது எனக்குப் பிடித்தது.

நேரங்கள் சுமாரானவை என்று எழுதியிருக்கிறாய். நீ காலேஜ் படிக்க என் வீட்டில் ஆறு வருஷம் இருந்தாய். சாதம் வடிக்கும் தண்ணீரைக்கூட அளந்து வைப்பாய். அட்டவணையில் ஐந்து நிமிஷம் என்று எழுதியவள் சுமாராக எழுதியிருக்க மாட்டாய்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும் என்று கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நீ எழுதவில்லை. ஆகவே வேறு ஆளைத் தேடிப் போனேன். அன்று வார்டில் இருந்த ஆயா குல்சும் வேலையை விட்டுவிட்டு மீர்சாகிப்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். என் தமிழில் எழுதினால் நான் சேர்த்துச் சொல்கிறேன் என்பாய்.

"இன்னாம்மா நீ, ரெண்டு வருசம் கயிச்சி வந்து கேக்குறே? அய்யா அப்பவே பூட்டாரும்மா. கண்ணாடி போட்ட அந்தப் பொண்ணு வந்து கைய புடிச்சிப் பாத்திச்சி. நான் வாயத் தொறக்கப் போனேன், வெரல வாயில வெச்சி ஸ்ஸுன்னிச்சி. பெரிய படிப்புப் படிச்ச பொண்ணு, சொந்தக்காரப் பொண்ணு வேற, நான் இன்னா சொல்றது? நீ இன்னா பண்ணே? அய்யா முயிச்சிக்கப் போறாருன்னு செருப்பக் கைல தூக்கிக்கினு அடி மேல அடி வெச்சிப் போனே. அத்தப் பாத்து எனக்கு வவுறு எரிஞ்சிது. அன்னிக்கி எனக்கு சோறே எறங்கல."

ஆம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். போகும் முன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். "வந்துடறேன்" என்று மெதுவாகச் சொன்னேன். நீ கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். செத்துப்போன மனிதரிடம் நான் விடைபெறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

குல்சும் வேறு ஒன்றும் சொன்னாள். அது இந்த விஷயத்துக்குத் தேவையில்லாதது.

ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறாய். அந்த ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அவர் என்னைக் கடைசி வரை அடையாளம் கண்டார். என் பெயர் போய்விட்டது. நான் மனைவி என்பது போய்விட்டது. ஆனால் நான் பக்கத்தில் வந்தால் என் முந்தானையைப் பிடித்து முழம் போட ஆரம்பிப்பார். வேறு யார் புடவையையும் அவர் தொட்டதில்லை. நர்ஸுகளைக் கேட்டுப் பார். நாற்பது வருஷம் உஸ்மான் ரோடு கடையில் துணி அளந்த கை. அதை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறாய்?

எனக்கு மிகவும் வலிப்பது எது என்று யோசித்துப் பார்த்தேன். நீ பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. எனக்குச் சொன்னாய், உன் அம்மாவுக்குச் சொன்னாய். ஆனால் அட்டவணைக்குப் பொய் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. மூன்று நாற்பது என்றே அதிலும் போட்டிருந்தால் நான் சாகும்வரை நிம்மதியாக இருந்திருப்பேன். உனக்கு அந்த எண்தான் பெரிது. அதற்குக் கொடுத்த உண்மையை எனக்குக் கொடுக்கவில்லை. நான் அதைக் கேட்டபோது, என் புத்தியையே சந்தேகத்துக்கு உள்ளாக்கினாய். அந்த நோயோடு ஏழு வருஷம் குடித்தனம் செய்தவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாய்.

பதில் எழுது. டாக்டரை அனுப்பாதே.

முத்துலட்சுமி வெள்ளைத்துரை

*

காந்தி நகர், அடையாறு
29 அக்டோபர் 1979

பெரியம்மா,

நான்கு வாரமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பதில்.

இரண்டு இருபத்தைந்துதான் சரி. மூன்று நாற்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்னது.

நான் வார்டுக்குள் வந்தபோது மணி அதுதான். கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன். அது நான் கண்டுபிடித்த நேரம். உயிர் போனது அதற்குச் சற்று முன்பாக இருக்கலாம். உடம்பில் சூடு அப்படியே இருந்தது. நீங்கள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். குல்சும் சொன்ன "வேறு ஒன்று" இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு ராத்திரி கண் விழித்தவர் தூங்கியதில் என்ன தப்பு? நீங்கள் அதை எழுதாமல் விட்டதைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். மண்டையைத் திறக்க வேண்டிய டாக்டர் நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டார். தனபாலன் முந்தின நாள்தான் வராந்தாவில் நின்று, "மாமா தலையில எவனாச்சும் கை வெச்சா நடக்கிறதே வேற" என்று கத்தினான். உங்களிடம் சொன்னால் நீங்கள் அரை மணி கேட்பீர்கள். அதற்குள் கடைக்குச் செய்தி போகும், ஆட்கள் வருவார்கள், எல்லாம் நின்றுபோகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சூட்டில் இருந்தால் என்ஸைம் அழிந்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நிமிஷமும் பெரியப்பாவிடம் மிச்சம் இருப்பது கரைந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உங்களை எழுப்பும் முன் அங்கே இரண்டு மூன்று நிமிஷம்தான் நின்றேன். அதுவே எனக்கு அதிகமாகப் பட்டது. பிறகு உங்கள் தோளைத் தொட்டு, அந்தப் பொய்யைச் சொன்னேன்.

இப்போது நான்கு வாரக் காரணம். உங்கள் இரண்டாவது கடிதம் வந்த பிறகு நான் ஒரு சோதனை செய்தேன். எலிகளின் மூளையை எடுத்து, நம் ஊர்ச் சூட்டில் மேசைமேல் அப்படியே வைத்தேன். ஒன்றை உடனே உறைய வைத்தேன். ஒன்றை அரை மணி கழித்து, ஒன்றை ஒரு மணி கழித்து, இப்படி நாலு மணி நேரம் வரை. மூன்று முறை திருப்பிச் செய்தேன். சில என்ஸைம்கள் சீக்கிரம் கெட்டுவிடும். இதுவும் அப்படித்தான் என்று பயந்திருந்தேன், சோதித்துப் பார்த்ததில்லை.

இது கெடவில்லை, பெரியம்மா. அரை மணியில் எதுவுமே குறையவில்லை. நாலு மணியிலும் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. நீங்கள் கேட்ட அரை மணியைக் கொடுத்திருக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு என்ற அந்த எண் மாறியிருக்காது.

இதை உங்களுக்கு எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அட்டவணைக்குக் கொடுத்ததை எனக்குக் கொடுக்கவில்லை என்று எழுதினீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் ஆறுதலாகச் சொல்ல ஆசை. நீங்கள் அவர் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அவர் தனியாகப் போகவில்லை.

அம்மாவிடமும் தனபாலனிடமும், உங்களுக்கு மறதி என்று சொன்னது பொய், நான் தப்பித்துக்கொள்ளச் சொன்னது என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதில்லை.

பெரியப்பா ஒருமுறை செய்தித்தாளை முழம் போட்டுக் கிழித்து, மடித்து, "ரவிக்கைத் துணி, வெச்சுக்கோ" என்று எனக்குக் கொடுத்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

மன்னியுங்கள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

புஷ்பம்

*

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
5 நவம்பர் 1979

புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குளக்கரையில் ஐயரிடம் போய், இந்த வருஷம் சப்தமி என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. "போன வருஷம் அஷ்டமின்னு சொன்னேளேம்மா" என்றார். தப்பான தகவல் கொடுக்கப்பட்டது என்றேன். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

தூங்கினேன். முதல் கடிதத்திலேயே அதை எழுதியிருக்க வேண்டும். உன் பொய்யைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவள் இதை மறைத்தேன். இரண்டு மணி அடித்தது காதில் விழுந்தது, அதற்குப் பிறகு நீ தோளைத் தொடும்வரை ஒன்றும் தெரியாது. அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்குள் அவர் போயிருக்கிறார். நான் தூங்கியதற்கு யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

தனபாலனுக்குப் பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். என்னை எழுப்பி, "பெரியம்மா, போயிட்டாங்க" என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? அரை மணி அவர் பக்கத்தில் இருந்திருப்பேன். பிறகு எழுந்து போய், அவர் தலையைத் திறக்கும் அறையின் வாசலில் நின்றிருப்பேன். தனபாலன் அல்ல, மாம்பலமே திரண்டு வந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டேன். உன் ஆராய்ச்சிக்கு அந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடப் பெரிய காவல் கிடைத்திருக்காது. எலிக்கு வைத்த சோதனையில் பாதியைக்கூட நீ எனக்கு வைத்துப் பார்க்கவில்லை.

அரை மணியில் எதுவும் குறையவில்லை என்பதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆனாலும் அது தெரிந்திருப்பது, தெரியாமல் இருப்பதைவிட மேல். இது உன்னை மன்னித்ததாக ஆகாது.

நான் பக்கத்தில் இருந்தேன், அவர் தனியாகப் போகவில்லை என்று ஆறுதல் சொல்கிறாய். அது ஆறுதலா இல்லையா என்பது ஒரு விஷயத்தைப் பொறுத்தது. அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மணிக்கு முன்னால் அவர் என் முந்தானையை முழம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று முழம் அளந்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் பிடித்தால் லேசில் விட மாட்டார். குளிக்கப் போக வேண்டும் என்றால்கூட நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். சுண்டு விரலில் தொடங்கினால் மற்றவை வரும். இது வேறு யாருக்கும் தெரியாது.

நீ எழுப்பியதும் நான் சட்டென்று எழுந்தேன். புடவை எங்கும் மாட்டவில்லை. முந்தானை என் மடியில் கிடந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. உன் கடிதத்தில் என்னை எழுப்பும் முன் இரண்டு மூன்று நிமிஷம் நின்றதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோதுதான் உறைத்தது. நாடி பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

மீதி நேரத்தில் என்ன செய்தாய்? நீ உள்ளே வந்தபோது என் முந்தானை அவர் கையில் இருந்ததா? நீ அவர் விரல்களை எடுத்துவிட்டாயா? அல்லது அவரே, நான் தூங்கும்போது, விட்டுவிட்டிருந்தாரா?

இருந்தது அல்லது இல்லை. உன் கையெழுத்தில், பேனாவில், ஒரு வரி போதும். எனக்கு எது நல்லது என்று யோசிக்காதே. அட்டவணையில் எழுதுவது போல எழுது. சப்தமிக்கு முன் அந்தப் பதில் தபாலில் என் கைக்கு வர வேண்டும்.

முத்துலட்சுமி வெள்ளைத்துரை